சுற்றுப்படத்தின் படிநிலையும் உழைப்புப் பிரிவினையும்

படிநிலை என்ற சொல்லைக் கண்ட மாத்திரத்தே அதனை அதிகாரத்தோடு சமன்செய்யும் போக்கு எம்மிடையே உண்டு. சமூக அமைப்பைப் பொறுத்தவரை அது பெரிதும் நியாயமானதே. ஆயின் இலத்திரனியற் சுற்றுப்படங்களின் வரலாற்றை நோக்குமிடத்து இச்சமன்பாட்டை அவ்வளவு எளிதில் ஏற்க முடியவில்லை.

1971இல் வெளிவந்த இன்ரெல் 4004 நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 திரான்சிற்றர்கள் இருந்தன. அதன் உருவரை செந்நிறப் படலத்திற் கையால் வெட்டப்பட்டது. 1978இல் வந்த 8086இல் அத்தொகை ஏறத்தாழ 29,000 ஆயிற்று. ஒருவருடைய பார்வைக்குள் அடங்காத பொருளைப் பகுதிகளாகவும் உபபகுதிகளாகவும் பிரித்தே கையாள வேண்டியிருந்தது. இத்தகைய பகுப்பின் தேவையை ஹேர்பேட் சைமன் 1962இலேயே இரு கடிகாரக் கைவினைஞரின் கதைமூலம் விளக்கியிருந்தார். சிறு சிறு கூட்டுகளாகக் கடிகாரத்தை இணைப்பவன், இடையில் வேலை தடைப்பட்டாலும் சிறிதளவையே இழக்கிறான்.

ஆனால் பகுப்பு மட்டும் அறிவைப் பரவலாக்கிவிடாது. சில்லு வடிவமைப்பு நிறுவனங்களின் மதில்களுக்குள் அடைபட்டிருந்த காலத்தில், தன் பகுதியை மட்டும் அறிந்த தொழிலாளிக்கு முழுமை மறைபொருளாகவே இருந்தது. இந்நிலையை அசைத்தோர் கார்வர் மீட், லின் கொன்வே ஆகிய இருவர். படிநிலைப் பகுப்பையும் எளிமையாக்கப்பட்ட விதிகளையும் கொண்டு மாணவரும் சில்லு வடிவமைக்கலாம் என அவர்கள் காட்டினர். 1978இல் மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் கொன்வே நடத்திய பாடநெறியின் மாணவர் வடிவமைத்த சில்லுகள் உண்மையிலேயே உற்பத்தி செய்யப்பட்டன. இதே கொன்வேயைத்தான், அவர் பால்மாற்றத்தை நாடியமைக்காக, ஐ.பி.எம். நிறுவனம் 1968இற் பணிநீக்கியது. மன்னிப்புக் கோர அந்நிறுவனத்துக்கு 2020வரை ஆயிற்று.

இன்றைய மென்பொருள்களில் இப்பகுப்பு எங்ஙனம் இயங்குகிறது? 1992இற் பிரான்சில் ஜோன்-பியர் ஷராஸ் தொடங்கிய கீக்காட்டை எடுத்துக்கொள்வோம். பின்னர் ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையமும் இதன் விருத்தியிற் பங்குகொண்டது. இதில் முதற்றாளில் ஓர் உபதாள் வெறும் செவ்வகமாகத் தோன்றும். செவ்வகத்தின் விளிம்பிலுள்ள முனைகளே அதன் வெளியுறவுகள். இடது, வலது ஒலிகளுக்கான பெருக்கிகள் ஒரே வகையினவாயின், உபதாளை ஒருமுறை வரைந்து இருமுறை பயன்படுத்தலாம். திருத்தம் இரண்டிலும் ஏறும். தடையிகளின் இலக்கங்கள் மட்டும் தனித்தனியே அமையும்.

அவசரக்காரர் இங்கேதான் இடறுவர். விளிம்பு முனைகளை வரையச் சலித்து, உபதாளின் வெளியீட்டுக்கு எங்கும் செல்லுபடியாகும் பொதுப்பெயரைச் சூட்டிவிடுவர். தாள் இருமுறை பயன்படுத்தப்பட்டதும் இடதும் வலதும் ஒரே கம்பியாகிவிடும். படத்திற் பிரிந்து தோன்றுவன சுற்றில் இணைந்திருக்கும், எல்லை பெயரளவினது.

ஆயினும் செவ்வகம் பூட்டிய பெட்டியன்று. கீக்காட்டின் கோப்புகள் எவரும் வாசிக்கக்கூடிய எழுத்துவடிவின. மென்பொருளும் கட்டற்ற உரிமத்தின்கீழ் வழங்கப்படுவது. வடிவமைத்தவர் கோப்பைப் பகிர்ந்திருப்பின், உபதாளினுட் புகுந்து ஒவ்வொரு தடையியையும் நாம் காணலாம். சில்லின் குறியீடு மட்டும் செவ்வகமாகவே நிற்கும். அதனுள் இருப்பது உற்பத்தியாளரின் உடைமை.