தமிழ்நாட்டில் ஊரடங்குக் கால வீட்டு வாழ்க்கையும் குடும்பப் பிரிவும் (2020–2021)

கொரோனா தொற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் ஊரடங்கு நடைமுறைப்படுத்தப்பட்டது. தொற்று எண்ணிக்கை, மருத்துவமனைப் படுக்கைகள், பொருளாதார இழப்பு ஆகியவை பற்றிய பதிவுகள் நிறைய உள்ளன. வீடுகளுக்குள் நடந்தது பற்றிய பதிவுகள் அந்த அளவுக்கு இல்லை. ஊரடங்கு விதிகள் வீட்டை ஓர் அலகாகக் கொண்டன. தமிழ்க் குடும்பமோ பெரும்பாலும் ஒரே வீட்டில் அடங்குவதில்லை. மகன் சென்னையில், மகள் திருப்பூரில், பெற்றோர் சொந்த ஊரில் என்று அது பல மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. இந்த முரண்பாடே அக்காலக் குடும்பப் பிரிவுக்கு அடிப்படையாக அமைந்தது.

தொடக்கம்

தமிழ்நாட்டில் முதல் தொற்று 2020 மார்ச் 7 அன்று, ஓமன் நாட்டிலிருந்து திரும்பிய ஒருவரிடம் உறுதி செய்யப்பட்டது. மார்ச் 22 அன்று நாடு முழுவதும் மக்கள் ஊரடங்கு கடைப்பிடிக்கப்பட்டது. மார்ச் 24 மாலை 6 மணி முதல் 144 தடை உத்தரவு அமலுக்கு வரும் என்று அதற்கு முந்தைய நாளே மாநில அரசு அறிவித்தது. அன்று இரவு சென்னை கோயம்பேடு பேருந்து நிலையத்தில் ஊர் திரும்புவோர் கூட்டம் அலைமோதியது. பயணிகள் இரயில்கள் அதற்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தன. மார்ச் 25 முதல் 21 நாள் தேசிய ஊரடங்கு தொடங்கியது. அது பலமுறை நீட்டிக்கப்பட்டது.

பேருந்து கிடைத்தவர்கள் குடும்பத்தோடு சேர்ந்தார்கள், கிடைக்காதவர்கள் இருந்த இடத்திலேயே நின்றுபோனார்கள். சில நாள் தங்கிவிட்டு வரலாம் என்று மகள் வீட்டுக்குப் போன பெற்றோர், தாத்தா பாட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள், விடுதியில் இருந்த மாணவர்கள் எனப் பலர் மாதக்கணக்கில் அங்கேயே தங்க நேர்ந்தது.

வீட்டுக்குள்

"விழித்திரு, விலகி இரு, வீட்டில் இரு" என்பது மாநில அரசின் முழக்கமாக இருந்தது. ஏப்ரல் 5 முதல் மளிகை, காய்கறிக் கடைகள் காலை 6 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை மட்டுமே திறக்கப்பட்டன. பல மாவட்டங்களில் வீட்டுக்கு ஒரு வண்ண அட்டை வழங்கப்பட்டது. அந்த வண்ணத்துக்கு உரிய நாளில் ஒருவர் மட்டும் வெளியே சென்று பொருள் வாங்கி வரலாம். தெருவுக்கே காய்கறி வண்டிகள் வந்தன. அரிசி குடும்ப அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும், அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை ஆகியவையும் ரேஷன் கடை வழியாக வழங்கப்பட்டன. முன்கூட்டியே டோக்கன் கொடுத்து, நாள் குறித்து, இடைவெளி விட்டு வரிசையில் நிற்கச் செய்தார்கள்.

கபசுரக் குடிநீரும் நிலவேம்புக் குடிநீரும் அன்றாடப் பொருள்களாயின. வாசலில் வேப்பிலை கட்டினார்கள், மஞ்சள் கரைத்த நீரைத் தெளித்தார்கள். தொலைக்காட்சித் தொடர்களின் படப்பிடிப்பு நின்றதால் பழைய தொடர்கள் மறுபடியும் ஒளிபரப்பாயின. தாயம், பல்லாங்குழி, பரமபதம் ஆகியவை மீண்டும் தரைக்கு வந்தன.

இந்த இனிய பக்கம் எல்லா வீடுகளுக்கும் பொருந்தாது. நாள் முழுவதும் எல்லோரும் வீட்டில் இருந்ததால் சமையல், பாத்திரம், துணி என்று பெண்களின் வேலை பெருகியது. வீட்டு வேலை செய்துவந்த பெண்கள் வருமானம் இழந்தார்கள். நாள் கூலியை நம்பியிருந்த குடும்பங்களில் முதல் வாரத்திலேயே கையிருப்பு கரைந்தது. குடும்ப வன்முறை குறித்த புகார்கள் அதிகரித்ததாகத் தேசிய மகளிர் ஆணையம் தெரிவித்தது. வீட்டில் இருப்பதே பாதுகாப்பு என்ற சொல் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தரவில்லை.

வீட்டின் அளவும் பிரிவை முடிவு செய்தது. தனி அறையும் தனிக் கழிப்பறையும் இருந்தால் நோயாளி வீட்டிலேயே தனிமையில் இருக்கலாம். அவருக்குக் கதவருகே தட்டு வைக்கப்படும். ஒற்றை அறையும் பொதுக் குழாயும் உள்ள வீடு என்றால் அரசின் கவனிப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். சென்னையில் தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. சில தெருக்கள் தகரம் வைத்து அடைக்கப்பட்டன.

பள்ளிகள்

1 முதல் 9 வரையிலான வகுப்பு மாணவர்கள் அனைவரும் தேர்ச்சி என அறிவிக்கப்பட்டது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஜூன் 9 அன்று ரத்து செய்யப்பட்டது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடும் வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடும் கணக்கிட்டு மதிப்பெண் வழங்கப்பட்டது. 2019இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தும் முதன்மை வழியாயிற்று. ஒரே கைப்பேசி உள்ள வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் இணைய வகுப்பு நடந்தால், யாருக்கு முதலில் என்ற கேள்வி எழுந்தது. பல வீடுகளில் அந்தக் கைப்பேசி தந்தையோடு வேலைக்குப் போய்விட்டது.

இ-பாஸும் மாவட்ட எல்லையும்

மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல அனுமதிச் சீட்டு கட்டாயமானது. இது பின்னர் இணையவழியில் வழங்கப்பட்டு, இ-பாஸ் என்றே மக்கள் நாவில் நிலைத்தது. திருமணம், நெருங்கிய உறவினரின் இறப்பு, அவசர மருத்துவம் ஆகியவையே முதன்மையான காரணங்களாக ஏற்கப்பட்டன. திருமண அழைப்பிதழ், இறப்புச் சான்று, மருத்துவச் சீட்டு, ஆதார், வாகன எண் ஆகியவற்றைப் பதிவேற்ற வேண்டும்.

எந்த உறவு நெருங்கிய உறவு என்பதை இவ்வாறு ஒரு விண்ணப்பப் படிவம் தீர்மானிக்கத் தொடங்கியது. தமிழ்க் குடும்பங்களில் தாய்மாமனுக்கும் அத்தைக்கும் சடங்குகளில் தனி இடம் உண்டு. முதல் பேறுகாலத்துக்குப் பெண் தாய்வீடு செல்வதும், ஆடிக்குப் புதுமணத் தம்பதியரை அழைப்பதும், பேரப்பிள்ளைக்குக் காதுகுத்துவதும் உறவைப் புதுப்பிக்கும் நிகழ்ச்சிகள். அவற்றில் எதுவும் அந்தக் காரணங்களில் இடம்பெறவில்லை. பல வளைகாப்புகள் அந்தந்த வீட்டிலேயே, இருந்தவர்களைக் கொண்டு நடந்து முடிந்தன.

ஜூன் 1 முதல் மாநிலம் 8 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு மண்டலத்துக்குள் இ-பாஸ் இல்லாமல் செல்லலாம், மண்டலம் விட்டு மண்டலம் செல்ல இ-பாஸ் வேண்டும். காவிரியின் இரு கரைகளில் எதிரெதிரே இருக்கும் குளித்தலையும் முசிறியும் ஒரு பாலத்தால் இணைந்தவை. ஆனால் குளித்தலை அமைந்த கரூர் மாவட்டம் கோவை, சேலம் மாவட்டங்களோடும், முசிறி அமைந்த திருச்சி மாவட்டம் தஞ்சை, நாகை மாவட்டங்களோடும் சேர்க்கப்பட்டன. குளித்தலையில் இருப்பவர் உதகமண்டலம் வரை போகலாம், பாலத்தைக் கடந்து முசிறிக்குப் போகச் சீட்டு வேண்டும். ஜூன் 25 முதல் மாவட்ட எல்லையைக் கடக்கவே மீண்டும் இ-பாஸ் தேவைப்பட்டது.

சென்னையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் பள்ளிகளிலும் திருமண மண்டபங்களிலும் தனிமைப்படுத்தப்பட்டனர். சில கிராமங்களில் முள்மரக் கிளைகளை வெட்டிப்போட்டு வழியை அடைத்தார்கள். சொந்த ஊரே வந்தவரை அஞ்சிப் பார்த்தது.

திருமணமும் இறப்பும்

திருமணத்துக்கு 50 பேர், இறுதிச் சடங்குக்கு 20 பேர் என்று வரம்பு விதிக்கப்பட்டது. யாரை அழைப்பது என்ற கேள்வியை விட யாரை விடுவது என்பது கடினமாக இருந்தது. மே 4 அன்று மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இன்றி நடைபெற்று நேரலையாக ஒளிபரப்பானது. கோயிலில் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் பெண்கள் அந்த ஆண்டு வீட்டிலேயே மாற்றிக்கொண்டார்கள். ரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சி பள்ளிவாசல்களில் காய்ச்சப்படாமல், அதற்கான அரிசி வீடுகளுக்கே கொண்டுசெல்லப்பட்டது.

இறப்பில்தான் பிரிவு மிகக் கடுமையாக இருந்தது. வெளிநாட்டில் இருந்த மகன் தந்தையின் இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் பார்த்த நிகழ்வுகள் பல. தொற்றால் இறந்தவரின் உடல் மூடிய உறைக்குள் வந்தது. குளிப்பாட்டுதல், கோடித்துணி போர்த்துதல் ஆகியவை இல்லாமல் போயின. ஏப்ரலில் சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் அடக்கத்தைச் சிலர் தடுத்ததை அடுத்து, அவ்வாறு தடுப்போருக்கு 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வகைசெய்யும் அவசரச் சட்டத்தை மாநில அரசு கொண்டுவந்தது.

கடல் கடந்தவர்கள்

மே 7 முதல் வந்தே பாரத் திட்டத்தில் வெளிநாடுகளிலிருந்து சிறப்பு விமானங்கள் இயக்கப்பட்டன. கடற்படையின் ஜலஷ்வா கப்பல் கொழும்பிலிருந்தும் மாலேயிலிருந்தும் தூத்துக்குடிக்கு மக்களை அழைத்துவந்தது. ஜூலை 1 அன்று அதே கப்பல் ஈரானிலிருந்து 687 பேரைக் கொண்டுவந்தது. அங்கே மீன்பிடித் தொழிலுக்குச் சென்று சிக்கிய தமிழக மீனவர்கள் அவர்களில் பெருமளவில் இருந்தனர். மறுபுறம், சிகிச்சைக்காக வேலூருக்கு வந்து தங்கிப்போன வடமாநிலத்தவர், மே 6 அன்று காட்பாடியிலிருந்து புறப்பட்ட சிறப்பு இரயிலில் ஜார்க்கண்ட் திரும்பினர்.

தளர்வும் இரண்டாம் அலையும்

ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த அனைவருக்கும் இ-பாஸ் உடனே வழங்கப்பட்டது. செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் அது ரத்தானது. செப்டம்பர் 7 அன்று மாவட்டங்களுக்கு இடையே பேருந்துகள் ஓடத் தொடங்கின. ஐந்து மாதத்துக்கும் மேலாகப் பிரிந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க வழி திறந்தது.

2021 மே மாதம் இரண்டாம் அலையில் மீண்டும் ஊரடங்கு வந்தது. மே 24 அன்று தளர்வற்ற ஊரடங்கு தொடங்கும் முன், ஊர் செல்வோருக்காக 22, 23 ஆகிய இரு நாள்களும் பேருந்துகள் இயக்கப்பட்டன. அனுமதி பெறும் இ-பாஸுக்குப் பதிலாக, விவரத்தைப் பதிவு செய்யும் இ-பதிவு முறை வந்தது. திருமணம், இறப்பு, மருத்துவம் ஆகியவற்றோடு முதியோர் தேவை என்பதும் அதில் ஒரு காரணமாகச் சேர்க்கப்பட்டது.

இந்தச் சிறு சேர்க்கை கவனிக்கத்தக்கது. முதல் ஊரடங்கின் முதன்மைக் காரணங்களில், தனியே இருக்கும் தாய்க்குச் சமைத்துக் கொடுக்கவோ மருந்து வாங்கிக் கொடுக்கவோ போவதற்கு இடம் இருக்கவில்லை. அவர் நோயுற வேண்டும் அல்லது இறக்க வேண்டும். உயிரோடு இருக்கும் முதியவரைப் பார்க்கச் செல்வதும் ஒரு தேவையே என்பது இரண்டாம் ஆண்டில்தான் விதியில் எழுதப்பட்டது.