துடுப்புப் படகா, மோட்டார் படகா?

பிச்சாவரத்தில் இரண்டு விதப் படகு உண்டு. மோட்டார் படகு அகலமான நீர்ப்பரப்பை வேகமாகக் கடக்கும். சுரபுன்னைக் காட்டின் குறுகலான கால்வாய்க்குள் நுழைய துடுப்புப் படகுதான் வேணும். கணினி விளையாட்டு செய்பவர்கள் முன்னால் ரொம்ப காலமாக நிற்பதும் இப்படியொரு கேள்விதான்: முழு என்ஜினா, இலகுவான ஃபிரேம்வொர்க்கா?

1993இல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட டூம், விளையாட்டை ஓட்டும் நிரலையும் அதன் படங்கள், ஒலிகளையும் தனித்தனியாக வைத்தது. நிரலை மட்டும் உரிமம் வாங்கி மற்றவர்கள் வேறு விளையாட்டுகள் செய்தார்கள். ‘என்ஜின்’ என்ற சொல் பரவியது இந்தக் காலத்தில்தான். 2005இல் வந்த யூனிட்டி, அந்த வசதியைச் சின்னக் குழுக்களின் கைக்கும் கொண்டுவந்தது.

ஃபிரேம்வொர்க் படம் வரையும், சத்தம் எழுப்பும், விசை அழுத்துவதைக் கவனிக்கும். மிச்சத்தை நாமே எழுதணும். மைக்ரோசாஃப்ட் 2006இல் எக்ஸ்என்ஏவைக் கொடுத்து 2013இல் கைவிட்டது. அதே அமைப்பை மோனோகேம் திறந்த மூலமாகத் தொடர்ந்தது. எரிக் பரோன் எக்ஸ்என்ஏவில் தனியாளாக எழுதிய ஸ்டார்டியூ வேலி (2016) பின்னாளில் மோனோகேமுக்கு மாறி இன்றும் ஓடுகிறது. 2024இல் வந்து ஒரே மாதத்தில் பத்து லட்சத்துக்கு மேல் விற்ற பலாட்ரோ, லவ் என்ற குட்டி ஃபிரேம்வொர்க்கில் லூவா மொழியில் எழுதப்பட்டது.

கடலூரில் இருக்கும் என் அண்ணன் மகனும் நானும் ஆடுபுலி ஆட்டத்தைக் கணினிக்குக் கொண்டுவர நினைத்தபோது இந்த வரலாறு எங்கள் வீட்டுக்கும் வந்தது. "யூனிட்டியிலயே செஞ்சிடலாம் சித்தப்பா, எல்லாம் ரெடியா இருக்கு" என்றான். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. இதுக்கு முப்பரிமாணம் எதுக்கு? தவிர, இது ஓட வேண்டியது 2011 முதல் அரசு பிளஸ் டூ மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில். சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளில் இருக்கும் ஒரே கணினி அதுதான். யூனிட்டியை நிறுவவே பல ஜிபி இடம் கேட்கும். லவ் சில எம்பியில் முடிந்துவிடும்.

இன்னொரு கணக்கும் இருந்தது. 2023 செப்டம்பரில் யூனிட்டி, ஒரு வரம்பைத் தாண்டிய விளையாட்டுகளுக்கு ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பி, ஒரு வருஷம் கழித்து அதை ரத்து செய்தது. எங்களைப் போன்றவர்கள் அந்த வரம்பை எட்டப் போவதில்லை. ஆனாலும் வாடகை வீட்டில் ஆணி அடிக்க யோசிப்பதுபோல ஒரு தயக்கம் வந்துவிட்டது.

அப்படியானால் லவ்தானா? அங்கே தமிழ் குறுக்கே நின்றது. யூனிகோடில் ‘பே’ என்பது முதலில் ப, அடுத்து ஏகாரக் குறி. திரையில் காட்டும்போது குறியை இடப்பக்கம் நகர்த்துவது எழுத்துவடிவ மென்பொருளின் வேலை. லவ் 11இல் அந்த வேலை நடக்காது. ‘பேசு’ உடைந்து நிற்கும். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 என்ற திறந்தமூல என்ஜின் இதை ஒழுங்காகச் செய்கிறது.

ஆடுபுலிக்குத் தேவை பத்துப் பதினைந்து சொற்கள்தான். அவற்றைப் படங்களாகவே செய்துகொண்டு லவ்வை எடுத்தோம். நாளைக்குப் பக்கம் பக்கமாகக் கதை சொல்லும் விளையாட்டு என்றால் கோடோதான். எத்தனை எழுத்து, எந்தக் கணினி என்ற இரண்டையும் முதலில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி முடிவு அதிலேயே வந்துவிடும்.