கடிதத்தின் அடியில் இருப்பது

பழைய அலுவலகக் கோப்புகளைப் புரட்டியவர்கள் கவனித்திருக்கலாம். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த கடிதத்தின் இடதுபக்கக் கீழ்மூலையில், கையெழுத்துக்கும் கீழே, சில எழுத்துகள் இருக்கும். முதலில் பெரிய எழுத்தில் ஒருவரின் முதலெழுத்துகள், ஒரு சாய்கோடு, பிறகு சிறிய எழுத்தில் இன்னொருவரின் முதலெழுத்துகள். பெரிய எழுத்து கடிதத்தைச் சொன்னவர். சிறிய எழுத்து அதைச் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சு செய்தவர். பிழை நேர்ந்தால் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்பதற்கான அடையாளம் அது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்தச் சிறிய எழுத்து பெரும்பாலும் ஒரு பெண்.

அலுவலகத்தின் இரகசியங்கள் எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போயின. ‘செக்ரட்டரி’ என்ற சொல்லே இரகசியத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு நோட்டீஸ், முதலாளி யாருக்குப் பூங்கொத்து அனுப்பினார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்ற நம்பிக்கைதான் அந்தக் காலத்தின் இரகசியப் பாதுகாப்பு. அதற்கென்று அவளுக்குத் தனிச் சம்பளம் யாரும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

மின்னஞ்சல் வந்தது, அதிகாரிகள் தாங்களே தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்கள், மூலையிலிருந்த சிறிய எழுத்து காணாமல் போனது. அந்த இடத்தில் இப்போது ஒரு நீண்ட பத்தி உட்கார்ந்திருக்கிறது. ‘இம்மின்னஞ்சல் இரகசியமானது, பெறுநருக்கு மட்டுமே உரியது, தவறி உங்களிடம் வந்திருந்தால் அழித்துவிடவும், அனுமதியின்றிப் பகிர்வது தடைசெய்யப்பட்டுள்ளது.’ கேன்டீனில் இன்று மதியம் சாம்பார் சாதம் என்று சொல்லும் மடலின் அடியிலும் இது இருக்கிறது.

இந்தப் பத்தியின் மூதாதை ஃபேக்ஸ். 1980களில் வழக்கறிஞர் அலுவலகங்களில் ஃபேக்ஸ் பரவியபோது ஒரு புதுச் சிக்கல் வந்தது. ஒரு எண்ணை மாற்றி அழுத்தினால் போதும், கட்சிக்காரருக்குப் போகவேண்டிய காகிதம் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் மேசையில் விழும். அதனால் முகப்புத் தாளில் எச்சரிக்கை அச்சிட்டார்கள். 1992இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், அப்படித் தவறி வந்த இரகசிய ஆவணத்தைப் பெற்ற வழக்கறிஞர் அதைப் படிக்காமல் அனுப்பியவருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று கருத்து வெளியிட்டது. ஆக, ஒரு தொழில்நெறிக்கு உட்பட்ட இரண்டு வழக்கறிஞர்களுக்கு இடையில் அந்த எச்சரிக்கைக்குக் கொஞ்சம் பொருள் இருந்தது. அந்தக் கூட்டுக்கு வெளியே அது எப்படி எல்லா அலுவலகங்களுக்கும் வந்தது என்பதுதான் சுவாரசியம்.

1995இல் அமெரிக்காவின் செவ்ரான் எண்ணெய் நிறுவனம் பாலியல் துன்புறுத்தல் வழக்குத் தொடுத்த நான்கு பெண் ஊழியர்களுக்கு 22 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அவர்கள் காட்டிய சான்றுகளில் அலுவலக மின்னஞ்சல்களும் இருந்தன. பெண்களைவிட பீர் ஏன் மேல் என்று காரணங்களை அடுக்கிய ‘நகைச்சுவை’ப் பட்டியல் ஒன்று அதில் பேர்போனது. அதுவரை ஆண்கள் காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று சொல்லிச் சிரித்து, காற்றில் கரைந்துபோன பேச்சு இப்போது தேதியோடும் அனுப்பியவர் பெயரோடும் நிலைத்து நின்றது. ‘நீ தப்பாகப் புரிந்துகொண்டாய்’ என்று சொல்ல முடியாது. பெண்களுக்கு மின்னஞ்சல் தந்த முதல் பெரிய லாபம் இது என்றே நினைக்கிறேன்.

1997 ஜூலையில் பிரிட்டனில் இன்னொரு அடி. நார்விச் யூனியன் காப்பீட்டு நிறுவனத்தின் ஊழியர்கள், போட்டி நிறுவனமான வெஸ்டர்ன் ப்ராவிடன்ட் நிதி நெருக்கடியில் இருப்பதாகத் தங்களுக்குள் மின்னஞ்சலில் வதந்தி பேசினார்கள். அது அவதூறு வழக்காகி, 4,50,000 பவுண்டில் முடிந்தது. ஊழியர் தட்டும் ஒவ்வொரு மடலும் நிறுவனத்தின் கழுத்துக்கு வரலாம் என்று நிர்வாகங்கள் புரிந்துகொண்டன. கணினிப் பிரிவைக் கூப்பிட்டு, வெளியே போகும் எல்லா மடலிலும் பொறுப்புத் துறப்பை ஒட்டச் சொல்வது எளிது, செலவும் இல்லை. அது தானாக ஒட்டிக்கொள்ளும், யாரும் படிக்கவேண்டியதில்லை.

சட்டப்படி அதற்கு என்ன மதிப்பு? மிகச் சொற்பம். ஒருவர் தன்பாட்டில் நிபந்தனை எழுதி அனுப்பிவிட்டு, மற்றவர் அதற்குக் கட்டுப்பட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது. 1862இல் இங்கிலாந்தில் ஒரு குதிரை வழக்கு நடந்தது, ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி. மாமா மருமகனுக்குக் கடிதம் எழுதுகிறார்: உன்னிடமிருந்து பதில் வராவிட்டால் குதிரை எனக்கு விற்கப்பட்டதாக எடுத்துக்கொள்கிறேன் என்று. மருமகன் பதில் எழுதவில்லை. ஒப்பந்தம் ஏற்படவில்லை என்றது நீதிமன்றம். இன்றும் சட்டக் கல்லூரியில் முதலாண்டிலேயே இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம்மிடம் காலகாலமாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். ஒரு குதிரை விஷயத்தில்கூட சட்டம் அதை ஏற்கவில்லை என்பதைப் பெண்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் இந்தப் பத்தி பயனற்றதா? சில வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு பயிலரங்கு முடிந்து கிளம்பும்போது, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தில் வேலைபார்க்கும் இளம்பெண் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். மேலாளர் இரவு பதினொரு மணிக்கு அலுவலக முகவரியிலிருந்தே அனுப்பிய மடல்களை அச்செடுத்து வைத்திருந்தாள். மடல்கள் எப்படிப்பட்டவை என்று விவரிக்கத் தேவையில்லை. அவள் கேட்டது இதைத்தான்: “அக்கா, கீழே யாருக்கும் காட்டக்கூடாதுன்னு போட்டிருக்கே. நான் கமிட்டிகிட்ட குடுத்தா என்மேல கேஸ் போடுவாங்களா?”

அந்த அச்சத்தால் ஐந்து வாரம் போயிருந்தது. நீதிமன்றத்தில் எடுபடாத பத்தி ஒரு பெண்ணை ஐந்து வாரம் வாய்மூடவைத்திருந்தது. அதன் பயன் இங்கேதான் இருக்கிறது. அது நீதிபதியை நோக்கிப் பேசுவதில்லை. பணி நிரந்தரம் ஆகாத, வீட்டுக் கடன் கட்டுகிற, சட்டத்தமிழையோ சட்ட ஆங்கிலத்தையோ கண்டால் நடுங்குகிற ஊழியரை நோக்கிப் பேசுகிறது. திட்டமிட்டு அவளுக்காக எழுதினார்கள் என்று சொல்லமாட்டேன். அவதூறு வழக்குக்குப் பயந்து எழுதியது அவள்மேல் வந்து விழுந்தது.

ஐந்து வாரம் சின்ன விஷயமில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கச் சொல்கிறது. காரணம் காட்டினால் குழு இன்னொரு மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்வதிலும் ஆட்களை அழைத்து விசாரிப்பதிலும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தை உள்ளகக் குழுவுக்குத் தருகிறது. குழு கேட்டால் நிறுவனம் அந்த மடல்களைத் தன் சர்வரிலிருந்து எடுத்துக் கொடுக்கவேண்டும். மடலின் அடியில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

16ஆம் பிரிவும் இரகசியம் பேசுகிறது, குழப்பிக்கொள்ளக்கூடாது. புகாரின் விவரத்தையும் சம்பந்தப்பட்டவர்கள் பெயரையும் பொதுவெளியிலும் ஊடகத்திலும் வெளியிடக்கூடாது என்பது அது. குழுவிடம் சான்று கொடுப்பதை அது தடுக்கவில்லை. ஊழியர் கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தத்தில் உள்ள இரகசியப் பிரிவு வேறு. அது உண்மையான ஒப்பந்தம். வாடிக்கையாளர் கோப்புகளைச் சேர்த்து மொத்தமாகத் தன் சொந்த முகவரிக்கு அனுப்பிக்கொண்டால் நிர்வாகம் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது, தேதி, நேரம், பொருள் வரி மூன்றையும் ஒரு தாளில் குறித்து, அந்த மடல்களின் நகலோடு மட்டும் போ என்பதே.

உண்மையான ஒப்பந்தம் எவ்வளவு தூரம் வாயடைக்கும் என்பதற்கு செல்டா பெர்கின்ஸ் இருக்கிறார். திரைப்படத் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனின் உதவியாளராக இருந்தவர், 1998இல் இரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதன் முழு நகலை வைத்துக்கொள்ளக்கூட அவருக்கு உரிமை தரப்படவில்லை. 2017இல் அதை மீறிப் பேசினார். செக்ரட்டரியின் வேலை இரகசியம் காப்பது என்ற பழைய ஏற்பாட்டின் மிகக் கொடிய வடிவம் அது. 2022இல் அமெரிக்கா, தகராறு எழும் முன்பே போட்ட இத்தகைய ஒப்பந்தங்கள் பாலியல் துன்புறுத்தல் வழக்கில் செல்லாது என்று சட்டம் இயற்றியது.

பெண்ணின் இரகசியத்தை அடிப்பத்தி காப்பாற்றுமா? 2000 டிசம்பரில் லண்டனில் ஒரு பெண் தனக்குப் பழக்கமான வழக்கறிஞர் ஒருவருக்கு எழுதிய அந்தரங்க மடலை, அவர் நண்பர்களுக்கு அனுப்பினார். சில நாளில் அது உலகம் சுற்றியது. பத்திரிகைக்காரர்களுக்கு அஞ்சி அவள் தலைமறைவாக வேண்டியிருந்தது. அனுப்பியவருக்கு ஒழுங்கு நடவடிக்கை, வேலை போகவில்லை.

அந்த ஓ.எம்.ஆர். பெண் பத்தாவது வாரத்தில் புகார் கொடுத்தாள். குழு கேட்டதும் நிர்வாகம் மடல்களை அச்செடுத்து அனுப்பியது, மொத்தம் முப்பத்தொரு பக்கம். ஒவ்வொரு மடலின் அடியிலும் அந்தப் பத்தி அப்படியே இருந்ததாம். குழுவில் இருந்த வெளி உறுப்பினர் தாளை மிச்சப்படுத்த, அடுத்த முறை அதை வெட்டிவிட்டு அச்செடுக்கச் சொன்னாராம்.