மூன்று கற்களின் சொந்த ஊர்

இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் இருப்பது சுண்ணாம்புத் தரை. அதன்மீது நிற்கும் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டமோ பெரும்பாலும் வெளியூர்க் கற்களால் ஆனது. தீப்பாறையும் படிவுப் பாறையும் அங்கே அருகருகே நிற்கின்றன. எந்தக் கல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று தேடியவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரிப் பதில் சொல்லவில்லை.

முதலில் வந்தவை நீலக் கற்கள். கி.மு. 3000 வாக்கில் வந்த இவற்றில் பல டோலரைட் என்னும் தீப்பாறை. ஏறத்தாழ 46 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய வேல்ஸ் நாட்டின் நிலத்தடியில் புகுந்த பாறைக்குழம்பு, மேலே வந்து வழியாமல் அங்கேயே மெல்ல ஆறி இறுகியது. ஆற ஆறப் படிகங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. இறுகிச் சுருங்கிய பாறை வெடிப்பு விட்டுத் தூண் தூணாகப் பிரிந்தது. புதிதாக உடைத்தாலோ நனைந்தாலோதான் அதில் நீலச் சாயல் தெரியும். ஆனால் அதை அடையாளம் காட்டியது நிறமல்ல, அதிலுள்ள வெள்ளைப் புள்ளிகள். அவை ஃபெல்ட்ஸ்பார் கனிமத் திரள்கள்.

அந்தப் புள்ளிக் கல்லைக் கண்ணாடி போல மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்த ஹெர்பர்ட் தாமஸ், அது வேல்ஸின் பிரசெலிக் குன்றுகளைச் சேர்ந்தது என்று 1923இல் அறிவித்தார். கல்வட்டத்திலிருந்து அக்குன்றுகள் சுமார் 225 கிலோமீட்டர் தொலைவு. அவர் சுட்டிய பாறைமுகடு மட்டும் சற்றுத் தள்ளிப்போனது. புள்ளிக் கற்களில் பெரும்பாலானவை கார்ன் கோய்டோக் முகட்டிலிருந்து வந்தவை என்கின்றன பிற்கால ஆய்வுகள். குழம்பு ஆறிய இடமே தீப்பாறையின் பிறந்த ஊர். அதைத் தவிர வேறு ஊர் அதற்குக் கிடையாது.

சுமார் 500 ஆண்டுகள் கழித்து வந்தவை சார்சன் கற்கள். ஒவ்வொன்றும் சராசரியாக 25 டன் எடை. இவை படிவு வகை. மணலுக்குள் ஊறிய நீர் கொண்டுவந்த சிலிக்கா, மணிகளை இறுக ஒட்டிவிட்டது. படிவுப் பாறை என்றாலே கைபட்டால் உதிரும் என்று நினைப்பவர்கள் சார்சனைத் தட்டிப் பார்க்க வேண்டும், அத்தனை கடினம். ஆனால் மணியும் சிலிக்கா, பசையும் சிலிக்கா என்றால் ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

1958இல் விரிசல் விட்ட ஒரு கல்லுக்குள் உலோகக் கம்பி செலுத்துவதற்காகத் துளையிட்டார்கள். அப்போது வெளிவந்த உருளைத் துண்டு ஒன்றை வேலைக்கு வந்த ஒருவர் எடுத்து வைத்திருந்து, அறுபது ஆண்டு கழித்துத் திருப்பித் தந்தார். அந்தத் துண்டில் இருந்த சொற்ப அளவுத் தனிமங்களை வைத்து, 25 கிலோமீட்டர் வடக்கே உள்ள வெஸ்ட் வுட்ஸ் காட்டை 2020இல் அடையாளம் கண்டார்கள். எஞ்சியுள்ள 52 சார்சன் கற்களில் 50க்கு ஒரே வேதி அமைப்பு.

மூன்றாவது, வட்டத்தின் நடுவே கிடக்கும் பலிபீடக் கல். ஐந்து மீட்டர் நீளம், ஆறு டன் எடை கொண்ட மணற்கல். நீலக் கற்களோடு இதுவும் வேல்ஸிலிருந்து வந்திருக்கும் என்றே நூறு ஆண்டுக் காலம் நம்பினார்கள்.

மணற்கல் ஒரு சந்தை மாதிரி. அதில் பல ஊர் மணிகள் கூடியிருக்கும். ஒவ்வொரு மணியிடமும் வயதைக் கேட்டால், சந்தை எந்த வட்டாரத்தது என்று தெரிந்துவிடும். ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள். சிர்க்கான், ரூடைல், அபடைட் மணிகளில் யுரேனியம் சிதைந்து ஈயமாகியிருக்கும் அளவைக் கொண்டு வயதைக் கணித்தார்கள். சில மணிகள் 100 கோடி ஆண்டுகளைத் தாண்டியவை. வேறு சில ஏறத்தாழ 46 கோடி ஆண்டுகள். இந்தக் கலவை வேல்ஸ் மணற்கற்களோடு பொருந்தவில்லை. ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் உள்ள ஆர்க்கேடியன் படுகையோடு பொருந்தியது. குறைந்தது 750 கிலோமீட்டர் தொலைவு. 2024 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழ் இதை வெளியிட்டது. ஆய்வை முன்னின்று நடத்திய ஆன்டனி கிளார்க், நீலக் கற்களின் ஊரான பிரசெலியில் வளர்ந்தவர்.

அந்தச் சிர்க்கான் மணிகளும் ஒரு காலத்தில் பாறைக்குழம்பில் உருவானவைதான். மலை தேய்ந்து, ஆறு இழுத்து, படுகையில் சேர்ந்து மணற்கல்லாயின. தீப்பாறை தன் பிறப்பை மட்டும் சொல்லும். படிவுப் பாறையோ தன்னில் சேர்ந்த ஒவ்வொரு மணியின் பிறப்பையும் சொல்லும். கேட்பவருக்குத்தான் பொறுமை வேண்டும்.

பலிபீடக் கல் இன்றும் விழுந்த இரண்டு சார்சன் கற்களின் அடியில், மண்ணில் பாதி புதைந்து கிடக்கிறது. எல்லாக் கற்களையும்விடத் தொலைவிலிருந்து வந்த கல் அதுதான். வட்டத்தைச் சுற்றி நடப்பவர்கள் கண்ணில் எளிதில் படாததும் அதுதான்.