வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களும் வடகொழும்பின் வரலாறும்

களனி கங்கை கடலோடு கலக்குமிடத்தில் மட்டக்குளியும் முகத்துவாரமும் அமைந்துள்ளன. கொழும்பின் வடவெல்லையாகிய இப்பகுதியைக் குறித்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த ஆங்கிலக் குறிப்புகளையும் காணி உறுதிகளையும் இன்று படிப்போர் பல சொற்களில் இடறுவர். இங்கிலாந்தில் வழக்கொழிந்த சொற்கள் சில ஈழத்தில் நெடுங்காலம் வாழ்ந்தன. தமிழிலிருந்து சென்ற சொற்கள் சில ஆங்கிலத்தில் வேறு பொருள் பூண்டன. இவ்விருவகைச் சொற்களின் வரலாறு மக்களின் வரலாறுமாகும்.

முகத்துவாரத்தில் இருந்த பழைய மாளிகையொன்று ‘விஸ்ட் பங்களா’ என வழங்கிற்று. விஸ்ட் என்பது நால்வர் இவ்விருவராக அணிசேர்ந்து ஆடும் சீட்டாட்டம். முதலில் ‘விஸ்க்’ எனப்பட்ட இது, ‘பேசாதிரு’ எனப் பொருள்படும் பழஞ்சொல்லின் சாயலால் ‘விஸ்ட்’ ஆயிற்று என்பர். ‘பிரிஜ்’ ஆட்டம் பரவவே விஸ்ட் அருகியது. பெயர் மட்டும் மாளிகையில் எஞ்சியது. இதே முகத்துவாரத்தில் 1851ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற புனித தோமஸ் கல்லூரியின் தலைவர் ‘வார்டன்’ எனப்பட்டார். காவலர் என்னும் அடிப்பொருளுடைய இச்சொல் இன்று பலருக்கு மாணவர் விடுதியையே நினைவூட்டும். அமெரிக்கருக்கோ சிறைச்சாலையை நினைவூட்டும். கல்லூரி 1918இல் கல்கிசைக்குப் பெயர்ந்த பின்னரும் அப்பதவிப் பெயர் மாறவில்லை.

சட்டத்துறைச் சொற்கள் இன்னும் நுணுகி நோக்கத்தக்கவை. ‘புரொக்டர்’ என்பது ‘புரொக்குராத்தோர்’ என்னும் இலத்தீன் சொல்லின் குறுக்கம். பிறர் பொருட்டுக் கருமம் ஆற்றுபவர் என்பது அதன் பொருள். இங்கிலாந்தில் திருச்சபை நீதிமன்றங்களிலும் கடற்படை நீதிமன்றங்களிலும் தொழில்புரிந்தோரே இப்பெயர் பெற்றனர். 1857இன் மரணசாசன நீதிமன்றச் சட்டம் அவர்தம் தனியுரிமையைப் பறித்தது. 1873இன் நீதித்துறைச் சட்டத்தை அடுத்து அவர்கள் ‘சொலிசிற்றர்’ வகுப்பிற் கலந்தனர். இலங்கையிலோ அச்சொல் மேலும் நூறாண்டு நிலைத்தது. அட்வகேற், புரொக்டர் என்னும் இரு பிரிவுகளும் 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தினால் ஒன்றாக்கப்பட்டு, 1974 முதல் ‘சட்டத்தரணி’ என ஒரே பெயர் பெற்றன. ஈழத்துத் தமிழர் நாவில் வழங்கிய ‘பிரக்கிராசி’யும் அதே இலத்தீன் வேரிலிருந்து வேறு வழியாக வந்ததே. பல்கலைக்கழகத்தில் ஒழுக்கம் பேணும் ‘புரொக்டர்’ இவ்வேரின் மற்றொரு கிளை. ஆதலின், பழைய உறுதியில் இச்சொல்லைக் காணும் மாணவர் அதனை எந்தப் பொருளிற் கொள்வது என்பதை ஆண்டும் இடமுமே முடிவு செய்யும்.

தமிழிலிருந்து ஆங்கிலம் ஏற்ற சொற்களின் போக்கு வேறு. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளியிட்ட ‘ஹொப்சன் ஜொப்சன்’ அகராதியில் தோணி, கட்டுமரம், சுருட்டு முதலியன ஆங்கில உருவில் இடம்பெற்றுள்ளன. பொருள்களைக் குறித்த இப்பெயர்கள் ஒலியில் திரிந்தனவேயன்றிப் பொருளிற் பெரிதும் திரியவில்லை. மனிதரைக் குறிக்க எடுக்கப்பட்ட ‘கூலி’க்கோ அந்நிலை வாய்க்கவில்லை. மேற்கிந்தியக் கோலி குலத்தின் பெயரிலிருந்து அது பிறந்ததென யூல் கருதினார். தமிழ்க் ‘கூலி’யே மூலம் என்பாரும் உளர். மூலம் எதுவாயினும், தமிழில் கூலி என்பது உழைப்பின் ஊதியம், உழைப்பவர் கூலியாள். ஆங்கிலம் ஆளை விட்டுவிட்டுக் கூலியை மட்டும் எடுத்துக்கொண்டது. பெற வேண்டிய ஊதியமே ஒரு மக்கட் கூட்டத்தின் இழிபெயராயிற்று.

‘துண்டு’ என்னும் எளிய சொல்லின் கதையும் இத்தகையதே. தோட்டத் தொழிலாளியின் கடன் தீர்க்கப்படின் அவனை விடுவிப்பதாகத் தோட்டத் துரை எழுதிக்கொடுத்த சீட்டே ஆங்கிலப் பதிவேடுகளில் ‘துண்டு’ எனப்பட்டது. புதிய தோட்டத்தார் கடனைச் செலுத்துவர். ஆயின் அது தொழிலாளியின் கணக்கிலேயே ஏறும். தோட்டம் மாறினும் கடன் மாறாது. 1921இல் சட்டத்தினால் இம்முறை ஒழிக்கப்பட்டது. முறை ஒழிந்ததும் சொல்லும் ஆங்கிலத்திலிருந்து மறைந்தது. துண்டைக் கடதாசித் துண்டு என்று மட்டும் கொள்பவர், பதிவேட்டின் ஒரு வரியில் அடங்கிய குடும்பமொன்றின் அடிமைத்தனத்தைக் காணமாட்டார்.

ஒரு சொல்லின் இன்றைய பொருளை நேற்றைய ஏட்டின்மேல் ஏற்றுதல் வரலாற்று மாணவர்க்கு நேரும் பெரும் இடர். சொற்களை ஆண்டு வரிசையில் வைத்து அவற்றின் பொருள் வளர்ச்சியைக் காட்டும் முறையை 1884இல் வெளிவரத் தொடங்கி 1928இல் நிறைவுற்ற ஒக்ஸ்போட் அகராதி நிலைநாட்டியது. ஈழத்து ஆங்கில ஆவணங்களில் வழங்கிய சொற்களுக்கும் அத்தகைய வரலாற்றுச் சொற்றொகுதி வேண்டும். அதனை ஆக்கும் பணியில் தமிழறிந்தோரின் துணை இன்றியமையாதது. ஏனெனில், அச்சொற்களுட் பல தமிழர் வாயிற் பிறந்தவை. அவற்றின் சுமையைத் தாங்கியோருட் பலரும் தமிழரே.