வழி கேட்டவருக்கு என்ன சொல்வது? எரியோட்டுப் பத்தாம் வகுப்பும் ஆங்கில இலக்கணமும்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் ஆங்கில வினாத்தாளில் இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு வினா வரும். கோடுகளும் கட்டங்களுமாக ஒரு வரைபடம். அதில் வங்கி, மருத்துவமனை, பூங்கா, பள்ளி. வழி தெரியாமல் நிற்கும் ஒருவரை அவர் போகவேண்டிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். மாணவர்கள் இதை 'ரோடு மேப்' என்பார்கள். ஒருவர் இன்னொருவரிடம் வாய்திறந்து பேசியாக வேண்டிய சூழலை நேராக முன்வைக்கும் வினாக்கள் அந்த 100 மதிப்பெண் தாளில் மிகக் குறைவு. அவற்றுள் இது ஒன்று. இதற்கும் விடையை எழுதித்தான் காட்ட வேண்டும். கைடுகள் மூன்று வாக்கியம் தருகின்றன: 'கோ ஸ்ட்ரெய்ட்', 'டர்ன் லெஃப்ட்', 'இட் இஸ் ஆன் யுவர் ரைட்'. படம் எதுவானாலும் இடத்தின் பெயரை மட்டும் மாற்றி எழுதிவிடலாம். மதிப்பெண் கிடைக்கும்.

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டத்தில் உள்ள எரியோடு ஒரு பேரூராட்சி. திண்டுக்கல்–கரூர் இருப்புப்பாதையில் ஒரு நிலையம். சுற்றிலும் மானாவாரி நிலம். வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகள் நிறைய. வெளிமாநிலத் தொழிலாளர்களும் அவற்றில் வேலை செய்கிறார்கள். வழி கேட்கும் அந்நியர் இங்கே கற்பனைப் பாத்திரம் அல்லர். கடைத்தெருவில் ஒருவர் வழி கேட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளை தமிழில் தடுமாறாமல் சொல்லிவிடும். அந்தத் தமிழ் விடைக்கும் தேர்வுத்தாளில் அதே பிள்ளை எழுதும் ஆங்கில விடைக்கும் நடுவில் ஒரு பாலமும் இல்லை என்பதே இக்கட்டுரையின் கவலை.

ஆங்கிலக் கல்வி பற்றிய பேச்சில் இரண்டு கட்சிகள் உண்டு. இலக்கணத்தை ஒழுங்காகப் படித்தால் பேச்சு தானே வந்துவிடும் என்பது ஒன்று. இலக்கணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' சொல்லிக்கொடுங்கள் என்பது மற்றொன்று. முதல் கட்சி ரென், மார்ட்டின் இலக்கண நூலின் காலத்திலிருந்து உயர்நிலைப் பள்ளியை ஆண்டுவருகிறது. இரண்டாவது, மனப்பாட உரையாடல்களை விற்கிறது. இரண்டுமே ஒரே பிழையைச் செய்கின்றன என்பது என் வாதம். மாணவரின் வாயில் ஏற்கெனவே ஒரு முழு இலக்கணம் இருக்கிறது. அது பேச்சுத் தமிழின் இலக்கணம். அதை இரண்டு கட்சியும் கணக்கில் எடுப்பதில்லை.

எரியோட்டில் வழி சொல்லும் தமிழை உற்றுக் கேட்போம். "நேரா போனீங்கன்னா ஒரு ஆலமரம் வரும். அதத் தாண்டி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க." இந்த இரண்டு வாக்கியத்தில் இலக்கணம் எவ்வளவு அடங்கியிருக்கிறது! 'போனீங்கன்னா' என்பது நிபந்தனை வினையெச்சம். ஆங்கிலத்தின் 'இஃப்' வாக்கியம் அதுவே. தமிழில் மரம் 'வரும்'. ஆங்கிலத்தில் போகிறவர் மரத்தைப் 'பார்ப்பார்'. மரம் நடந்து வருவதாகச் சொன்னால் ஆங்கிலம் கேட்பவர் குழம்புவார். 'தாண்டி' என்ற எச்சம் ஆங்கிலத்தில் 'பாஸ்ட்' அல்லது 'ஆஃப்டர்' என்னும் முன்னிடைச் சொல்லாகிறது. வயதானவர் ஒருவர் இதே வழியைச் சொன்னால் இடம், வலம் என்றே சொல்லமாட்டார். "தெக்க போயி மேக்க திரும்பு" என்பார். திசையை வைத்து வழி சொல்லும் ஊரிலிருந்து, உடலை வைத்து வழி சொல்லும் வினாத்தாளுக்குப் பிள்ளை மாறியாக வேண்டும். இந்த மாற்றத்தை யாரும் அதற்குச் சொல்லித்தருவதில்லை.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது அந்த '-ங்க'. முன்பின் தெரியாதவரிடம் 'போ' என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. 'போங்க' என்றுதான் சொல்லும். தமிழில் மரியாதை வினைமுற்றின் விகுதியில் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கில ஏவல் வினையில் அந்த இருக்கை இல்லை. அங்கே மரியாதை 'கேன்', 'குட்', 'வுட்' போன்ற துணைவினைகளிலும் 'ப்ளீஸ்' என்ற சொல்லிலும் குரலிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. பத்தாம் வகுப்புப் பாடநூலில் இந்தத் துணைவினைகள் 'மோடல்' என்ற தலைப்பில் இருக்கின்றன. ஆற்றல், அனுமதி, வாய்ப்பு என்று பட்டியலிட்டு, கோடிட்ட இடத்தை நிரப்பவைத்து முடித்துவிடுகிறோம். "நீ பெரியவங்ககிட்டப் பேசும்போது '-ங்க' போடுறல்ல? இங்கிலீஷ்ல அந்த வேலையை 'குட்' செய்யும்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும். பல பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசக் கூசுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். மரியாதைக்கு இடமில்லாத மொழியாக அது அவர்கள் காதில் விழுகிறது. எங்கே அவமரியாதையாகப் பேசிவிடுவோமோ என்ற அச்சம் நாக்கைக் கட்டுகிறது.

தேர்வுக்கு வரும் மற்ற இலக்கணப் பகுதிகளையும் இப்படிப் பார்க்கலாம். 'ஹீ கோஸ்' என்பதில் அந்த 'ஸ்' ஏன் என்று பிள்ளைகள் திணறுவதாகச் சொல்கிறோம். போகிறான், போகிறாள், போகிறார், போகிறது என்று எழுவாய்க்கு ஏற்ப வினையை மாற்றுவது தமிழ்க் குழந்தைக்கு மூன்று வயதிலேயே கைவந்த வேலை. ஆங்கிலம் இதில் தமிழைவிட எளிது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் 'ஸ்' கேட்கிறது. எளிதான ஒன்றைக் கடினம் என்று பயமுறுத்தி அறிமுகப்படுத்துகிறோம்.

உண்மையிலேயே கடினமானது 'ரிப்போர்ட்டட் ஸ்பீச்'. "நாளைக்கு வர்றேன்னு சொன்னான்" என்பது நம் பேச்சு. '-ன்னு', அதாவது 'என்று', அடுத்தவர் சொன்னதை ஏறக்குறைய அவர் வாய்ச்சொல்லாகவே எடுத்துவந்து நம் வாக்கியத்துக்குள் வைத்துவிடுகிறது. காலமும் மாறாது, 'நாளை'யும் மாறாது. ஆங்கிலம் 'வில்' என்பதை 'வுட்' ஆக்குகிறது, 'டுமாரோ' என்பதை 'த நெக்ஸ்ட் டே' ஆக்குகிறது, 'ஐ' என்பதை 'ஹீ' ஆக்குகிறது. மூன்று மாற்றமும் ஒரே காரணத்தால் நிகழ்கின்றன: சொன்னவரின் இடத்தைவிட்டு, எடுத்துச்சொல்பவரின் இடத்திலிருந்து வாக்கியம் புறப்படுகிறது. இந்தக் காரணத்தைச் சொல்லாமல் மாற்ற அட்டவணையை மட்டும் கொடுக்கும்போது, பிள்ளை அதை வாய்ப்பாடாக மனப்பாடம் செய்கிறது, மறுவாரமே மறக்கிறது. இத்தனைக்கும் இதற்கு நெருக்கமான வடிவம் தமிழிலேயே உண்டு. 'அமைச்சர் நாளை வருவதாகத் தெரிவித்தார்' என்று செய்தித்தாள் எழுதுகிறதே, அந்த 'வருவதாக'வில் பேச்சாளர் குரல் விலகிப்போய் எழுதுபவர் குரல் வந்துவிடுகிறது. தேநீர்க்கடையில் கிடக்கும் நாளிதழை வகுப்புக்கு எடுத்துப்போனால், 'வர்றேன்னு சொன்னார்' என்பதையும் 'வருவதாகச் சொன்னார்' என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். அதன்பிறகு ஆங்கில அட்டவணைக்குப் பொருள் வரும்.

செயப்பாட்டு வினையிலும் இதே கதைதான். செய்தவர் யார் என்பது தெரியாதபோதும், முக்கியமில்லாதபோதும் அது தேவைப்படுகிறது. பேச்சுத் தமிழில் 'படு' விகுதி அரிது. "ரோடு போட்டாச்சு", "ரோடு போட்டாங்க" என்கிறோம். அந்த 'போட்டாங்க'வில் 'அவர்கள்' யாரும் இல்லை. 'சாலை அமைக்கப்பட்டது' என்ற எழுத்துத் தமிழும் 'த ரோடு வாஸ் லெய்ட்' என்ற ஆங்கிலமும் செய்யும் வேலையை அதுவே செய்கிறது. வகுப்பறையிலோ இராமன் இராவணனைக் கொன்றதைத் திருப்பிப்போடச் சொல்கிறோம். கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஊரறிந்தவர்களாக இருக்கும் அந்த வாக்கியத்தில் செயப்பாட்டு வினைக்கு வேலையே இல்லை.

பேச்சிலிருந்து இலக்கணத்துக்குப் போகும் முறை இந்த மண்ணுக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பாயிரம் நூலாசிரியர் வழக்கையும் செய்யுளையும் சேர்த்தே ஆராய்ந்ததாகச் சொல்கிறது. அயல்மொழி கற்பித்தலுக்கு இன்னும் நெருங்கிய சான்று வீரமாமுனிவர். இத்தாலியிலிருந்து மதுரை மிஷனுக்கு வந்த அவர், தம்மைப்போலப் புதிதாக வரும் பாதிரிமார் மக்களோடு பேசுவதற்காக 1728இல் கொடுந்தமிழுக்கென்று இலத்தீனில் தனியே ஓர் இலக்கணம் எழுதினார். தொன்னூல் விளக்கம் எழுதும் அளவுக்குச் செந்தமிழில் புலமை பெற்றவர் அவர். அப்படிப்பட்டவர் வந்திறங்கியவரின் கையில் முதலில் கொடுத்தது பேச்சின் இலக்கணத்தை. அதையும் அவர்கள் ஏற்கெனவே அறிந்த மொழியின் வழியாக. நம் உயர்நிலைப் பள்ளி இதற்கு நேர் எதிரான வரிசையில் நடக்கிறது. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் குற்றம் என்று கருதும் பள்ளிகளை நினைத்தால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. கையிலிருக்கும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் வழி தேடச் சொல்கிறோம்.

கற்பித்தல் முறையை மாற்றும் முயற்சிகள் இங்கே நடக்காமலில்லை. 1959இல் தொடங்கிய சென்னை மாநில இயக்கம், தொடக்கநிலை ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு வாக்கிய அமைப்பு முறையில் பயிற்சியளிக்க முனைந்தது. பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்றுவிக்க, அவர் இன்னும் சிலருக்குப் பயிற்றுவிக்க, உருள உருளப் பெருகும் என்பதால் 'பனிப்பந்து' என்ற பெயர் அதற்கு வாய்த்தது. கைமாறக் கைமாற நீர்த்துப்போவது இவ்வகைப் பயிற்சி எல்லாவற்றுக்கும் உள்ள நோய். பிறகு, சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளி வகுப்புகள் சிலவற்றில் வேறொரு சோதனையை நடத்தினார். மொழியியல் உலகம் அதைப் பெங்களூர்த் திட்டம் என்று அறியும். 1987இல் அவர் எழுதிய நூல் அதை விரித்துரைக்கிறது. மாணவரின் கவனம் பொருளில் தோயும்போதே இலக்கணம் உள்ளே படியும் என்பது அவர் கருதுகோள். இரயில் கால அட்டவணையும் ஊர் வரைபடமும் வகுப்புக்கு வந்தன. 'எந்த வண்டியில் ஏறினால் பத்து மணிக்குள் போய்ச் சேரலாம்? ஏன்?' என்பதுபோன்ற சிக்கலை ஆசிரியரும் வகுப்பும் முதலில் சேர்ந்து பேசித் தீர்ப்பார்கள். பிறகு அதேபோல் இன்னொன்றை மாணவர் தாமே தீர்க்க வேண்டும். பணிவழிக் கற்பித்தல் என்று இன்று உலகெங்கும் பேசப்படும் முறையின் முன்னோடிகளில் இதுவும் ஒன்று.

பிரபுவின் கருதுகோளை நான் முழுமையாக ஏற்கவில்லை. தெருவிலும் வீட்டிலும் ஆங்கிலம் காதில் விழாத ஊரில், வாரத்துக்குச் சில பாடவேளைகளை மட்டும் வைத்துக்கொண்டு இலக்கணம் தானே படியக் காத்திருக்க முடியாது, சுட்டிக்காட்டியாக வேண்டும். ஆனால் அவருடைய வரைபடத்துக்கும் நம் வினாத்தாளின் வரைபடத்துக்கும் உள்ள தொலைவு கவனிக்கத்தக்கது. அவருடைய வகுப்பில் வரைபடம் யோசிக்கவைத்தது. நம் தேர்வில் மூன்று வாக்கியங்களை நிரப்பும் படிவமாகிவிட்டது. குறை வரைபடத்தில் இல்லை, விடையை வாங்கும் முறையில் இருக்கிறது.

ஆகவே தேர்வைத் தொடாமல் வகுப்பறையை மாற்ற முடியாது. பாடநூல்கள் மாறின, 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது, 2018 முதல் புதிய பாடத்திட்டம் வந்தது. ஆங்கிலத்துக்கு இருந்த இரண்டு தாள்கள் 2019–20 கல்வியாண்டிலிருந்து ஒன்றாயின. இத்தனை மாற்றத்திலும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பேச்சுக்கென்று ஒரு மதிப்பெண்கூட வரவில்லை. அதே தேர்வில் அறிவியலுக்குச் செய்முறை 25 மதிப்பெண். சோதனைக் குழாயைப் பிடிக்காமல் வேதியியல் இல்லை என்று ஒப்புக்கொள்கிற நாம், வாயைத் திறக்காமல் மொழி உண்டு என்று எப்படி ஒப்புக்கொள்கிறோம்?

பேச்சுக்கும் அப்படியொரு செய்முறைத் தேர்வு வைத்தால் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்துவிடுவார்கள் என்ற எதிர்வாதம் வலுவானது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர் வந்து தேர்வு நடத்தினால் அது பெருமளவு குறையும். நேரம் இல்லை என்பது அடுத்த தடை. 40 பேர் உள்ள வகுப்பை இருவர் இருவராக 20 இணைகளாக்கி, இணைக்கு ஐந்து நிமிடம் என்றால் 100 நிமிடம்; மூன்று பாடவேளைக்குள் முடியும். உச்சரிப்புக்கு மதிப்பெண் வைக்கக்கூடாது. வைத்தால் நகரத்துப் பிள்ளை தேர்வறைக்கு வருமுன்பே வென்றுவிடும். சொல்லவந்தது கேட்டவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கே மதிப்பெண்.

இதில் அவசரம் உண்டு. மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமாயிற்று. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. தமிழ்வழியில் படித்த பிள்ளை அந்தக் கதவைத் திறந்துகொண்டு ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரைக்குள் போகிறது. நுழைந்த இடத்தில் அதற்குத் தேவைப்படுவது கையெழுத்தோ மனப்பாடக் கவிதையோ அன்று. 'இது புரியவில்லை, இன்னொருமுறை சொல்லுங்கள்' என்று முன்பின் தெரியாத பேராசிரியரிடம் மரியாதையாக, கூசாமல் கேட்கத் தெரிய வேண்டும். வழி கேட்கும் அந்நியர் இப்போது அந்தப் பிள்ளையேதான்.

தொடங்குவதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை. வினாத்தாளின் கற்பனை ஊருக்குப் பதிலாக எரியோட்டின் தெருக்களையே மாணவர்கள் வரையட்டும்: பேருந்து நிறுத்தம், இரயில் நிலையம், பேரூராட்சி அலுவலகம், சந்தை. முதலில் தமிழில் வழி சொல்லட்டும்; ஆசிரியர் அதைப் பேச்சு மாறாமல் கரும்பலகையில் எழுதி, 'போனீங்கன்னா'வுக்குக் கீழே ஒரு கோடு, '-ங்க'வுக்குக் கீழே ஒரு கோடு, 'தாண்டி'க்குக் கீழே ஒரு கோடு போட்டு, ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் எங்கே போய் உட்காருகிறது என்று கேட்கட்டும். தேர்வு நாளில் பக்கத்து ஊர் ஆசிரியர் எதிரில் உட்கார்ந்து இரயில் நிலையத்துக்கு வழி கேட்பார். மாணவி சொல்லி முடித்ததும், "ஆலமரத்துக்கு முன்னாலா, பின்னாலா?" என்று ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வி எந்தக் கைடிலும் இருக்காது. 'பிஃபோர்', 'ஆஃப்டர்' இரண்டில் எது என்று அந்த மாணவி, தன் ஊர் மரத்தை மனத்தில் பார்த்து, அந்த நொடியில் சொல்லியாக வேண்டும்.