அஞ்சலட்டையும் மூடிய உறையும்

1971 ஏப்ரலில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த இந்தியரான அபய் பூஷண், கணிப்பொறிகளுக்கிடையே கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி. விதிமுறையை வகுத்தார். அன்று வலையமைப்பில் இருந்தவை சில கணிப்பொறிகளே. ஆகவே கடவுச்சொல்லும் மறைப்பின்றி, அஞ்சலட்டை வாசகம் போலவே சென்றது.

பின்னர் வலை விரிந்தது. இணையச் சேவை நிறுவனங்களின் பல பொறிகளைக் கடந்தே கோப்புகள் செல்லலாயின. இடைவழியில் ஒட்டுக்கேட்பதும் எளிதாயிற்று. 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டன. அங்கு ஆய்வாளராயிருந்த டாட்டு யுலோனென், அவ்வாண்டு ஜூலையில் எஸ்.எஸ்.எச். முறையை வெளியிட்டார்.

இம்முறையில் இரு கணிப்பொறிகளும் தமக்கு மட்டுமே தெரிந்த திறவுகோல் ஒன்றை முதலில் அமைத்துக்கொள்கின்றன. அதன்பின் கடவுச்சொல், கோப்பு யாவும் மறைகுறிகளாகவே செல்கின்றன. எஸ்.எஃப்.டி.பி. இதன்மேல் எழுந்ததே.

பூட்டு இருப்பது வழியில் அன்று; இரு முனைகளிலும்தான். இடையிலிருப்போர் உறையைக் காணலாம். உள்ளிருப்பதைப் படிக்க இயலாது.